சும்மாடு

எங்கள் ஊரில் வேலையில்லாதவன் என்றால் அது ஆண்தான். அதே சொல்லைப் பெண்ணுக்கு மாற்றிச் சொல்லிப் பாருங்கள். ‘வேலையத்தவ’ என்றால் அடுத்த வீட்டு வம்பில் தலையிடுகிறவள் என்று பொருளாகிவிடும். வேலை கிடைக்காமல் இருக்கிறவள் என்று யாருக்கும் தோன்றாது. தமிழ் சினிமாவும் இதில் ஊரோடு ஒத்தே போயிருக்கிறது. 1980இல் வந்த ‘வறுமையின் நிறம் சிவப்பு’ முதல் 2014இல் வந்த ‘வேலையில்லா பட்டதாரி’ வரை, வேலையின்மை என்பது இளைஞனின் தாடியிலும் கோபத்திலும் இருந்த விஷயம். பெண்ணுக்கு ஒன்று தேடிப் பார்த்தேன். ‘அவள் ஒரு தொடர்கதை’ நினைவுக்கு வந்தது. ஆனால் அது வேலைக்குப் போகிறவளின் கதை, வேலை இல்லாதவளின் கதை அல்ல.

வேலையில்லாத பெண்ணுக்கு நாம் வைத்திருக்கும் சொல் ‘சும்மா’. “சம்சாரம் என்ன பண்றாங்க?” என்று கேட்டால் “சும்மா வீட்லதான் இருக்குது” என்று பதில் வரும். விடிவதற்கு முன் வாசல் தெளித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, ரேஷன் கடையில் கால் கடுக்க நின்று, ஏரிக்கரை முள்ளை வெட்டிக் கட்டித் தலையில் தூக்கி வந்து, மாமியாருக்குக் கஷாயம் வைத்து, அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

அரசாங்கத்திடம் இதே சொல் எண்ணாக இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வுக்கு வருகிறவர்கள் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போடுவார்கள். வேலை இல்லை, ஆனால் தேடுகிறார், அல்லது கிடைத்தால் செய்யத் தயார் என்றால் 81. வீட்டு வேலை மட்டும் என்றால் 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுக்காகத் தைப்பது, நெய்வது எல்லாம் சேர்ந்தால் 93. வேலையின்மை விகிதம் கணக்கிடும்போது 81 உள்ளே வரும். 92ம் 93ம் வெளியே நிற்கும். உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கேள்விதான்: வேலை தேடினீர்களா, கிடைத்தால் போவீர்களா? ஊரிலேயே இல்லாத வேலையை எங்கே போய்த் தேடுவது? பல வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் புருஷன். “அது எங்க சார் போவும்” என்று அவர் சிரித்தால் போதும், உள்ளே இருப்பவள் 92.

இதைவிட மோசமாகவும் எண்ணியிருக்கிறார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சையெடுப்போர், பாலியல் தொழிலாளர்கள், சிறைக் கைதிகளோடு ஒரே வரிசையில் வைத்திருந்தது. 2010இல், சாலை விபத்தில் இறந்த ஒரு பெண்ணுக்கான இழப்பீட்டு வழக்கில், உச்ச நீதிமன்றம் அதை எடுத்துச் சொல்லிக் கண்டித்தது. உயிரோடு இருந்தவரை சும்மா இருந்தவள், செத்த பிறகு எவ்வளவு பெறுவாள் என்று கணக்குப் போடும்போதுதான் அவள் செய்த வேலை நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது.

‘சும்மா’வோடு ஓர் எழுத்தைச் சேர்த்தால் சும்மாடு. பழைய சேலைத் துணியைப் பிரிபோலச் சுருட்டி, மண்சட்டியின் பாரம் உச்சந்தலையை அழுத்தாமல் இருக்க வைத்துக்கொள்வது. சுமையிலிருந்து பிறந்த சொல். ‘சும்மா’வுக்கு அதோடு உறவு எதுவும் இல்லை. ஆனால் 2006ஆம் ஆண்டுக் கோடையில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஏரிக்குள் பெண்கள் சும்மாடும் சட்டியுமாக இறங்கியதைப் பார்த்தபோது அந்த ஓர் எழுத்து எனக்குப் பெரிதாகப்பட்டது. ஊரில் இத்தனை பெண்கள் இருக்கிறார்களா என்று என் அப்பா கேட்டார். இருந்தார்கள். சும்மா இருந்தார்கள்.

*

தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் நிறைவேறியது. 2006 பிப்ரவரி 2ஆம் தேதி ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில் பண்ட்லபல்லி என்ற கிராமத்தில் அதைத் தொடங்கிவைத்தார்கள். முதல் கட்டத்தில் நாடு முழுக்க 200 மாவட்டங்கள், தமிழ்நாட்டில் ஆறு. கடலூர், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை, அப்புறம் எங்கள் விழுப்புரம். 2009இல் சட்டத்தோடு காந்தியின் பெயர் சேர்ந்தது. ஊர் அந்தப் பெயர் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. எங்களுக்கு அது ஏரி வேலை; மற்ற ஊர்களுக்கு நூறு நாள் வேலை.

அப்போது தமிழ்நாட்டில் அதற்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 80 ரூபாய். எங்கள் ஊரில் நடவுக்கும் களைக்கும் பெண்களுக்கு 40 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆண்களுக்கு 100க்குக் குறையாது. ‘கொடுத்துக்கொண்டிருந்தார்கள்’ என்று எழுத ஆசைதான். எங்களுக்கும் மூன்று ஏக்கர் நஞ்சை இருந்தது. 80 ரூபாயை அந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். ஆணுக்கு அது இறக்கம். பெண்ணுக்கு அது இரட்டிப்பு. முதல் வாரம் எட்டிப் பார்த்த ஆண்கள் இரண்டாம் வாரம் கொத்து வேலைக்கும் மூட்டை தூக்கவும் திரும்பிவிட்டார்கள். ஏரிக்குள் பெண்களும், வேறெங்கும் கூப்பிடாத வயதான ஆண்களும் மிஞ்சினார்கள்.

வேலையில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களுக்குப் போக வேண்டும் என்பது சட்டத்தின் விதி. தமிழ்நாட்டில் அது பல ஆண்டுகளாக எண்பது சதவீதத்துக்கு மேல். கேரளத்தில் இன்னும் அதிகம். மேடைகளில் இதைப் பெண் முன்னேற்றத்துக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கு அப்படி வாசிக்க முடியவில்லை. ஆணும் பெண்ணும் ஒரே கூலி வாங்கும் இடம் ஒன்று ஊரில் முதன்முறையாக உருவானது. உருவான பதினைந்தாம் நாளே ஆண்கள் அங்கிருந்து எழுந்து போய்விட்டார்கள். சமமான கூலி வந்தது, சமமாக வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஆணை அவமானப்படுத்தும் தொகைதான் பெண்ணுக்குக் கௌரவமாக இருந்தது என்பது சட்டத்தின் வெற்றியைவிட எங்கள் வயல்களைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

ஆனால் ஏரிக்குள் நின்ற அதே பெண்கள் கூட்டம் இன்னொன்றையும் சொன்னது, அதை எந்த ஆய்வுப் படிவமும் அதுவரை சொன்னதில்லை. முந்தைய நாள் வரை 92 என்று எழுதப்பட்டவர்கள் அவர்கள். யாரும் வேலை தேடவில்லை, யாருக்கும் வேலை தேவைப்படவில்லை என்பது கணக்கு. நடந்து போகும் தூரத்தில், சாதித் தலைவன் தயவோ மேஸ்திரி தயவோ வேண்டாத, பாதிக் கூலி இல்லாத ஒரு வேலை வந்தது. வந்த அன்றே நின்றார்கள். ஏரி வேலைக்கும் அந்தப் படிவத்தில் பிறகு தனி எண் கொடுத்தார்கள், 42. 92க்கும் 42க்கும் நடுவே அந்தப் பெண்களிடம் எந்த மாற்றமும் நிகழவில்லை. அதே உடம்பு, அதே காலை நேரம், அதே அடுப்பு வேலை முடித்த கை. வேலை வந்த பிறகுதான் அவர்களுக்கு வேலை இல்லாதிருந்தது ஊருக்குத் தெரிந்தது.

*

சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்ததே என்று கேட்கலாம். வந்தது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றது. ஏர் ஓட்டுவது, வரப்பு கழிப்பது, மருந்தடிப்பது ஆணுக்கு. நடுவது, களை எடுப்பது பெண்ணுக்கு. ஒரே வேலையை இருவரும் செய்துவிடாதபடி வயலை நம் முன்னோர் முன்கூட்டியே பிரித்துவைத்துவிட்டார்கள். சட்டம் பிடித்துக்கொள்ள அங்கே ஒரு பிடியும் இல்லை. நாள் முழுக்கக் குனிந்தே செய்ய வேண்டிய வேலை எதுவோ அது பெண்ணுடையது, குறைந்த கூலி எதுவோ அதுவும் பெண்ணுடையது. இது தற்செயல் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் நடவுக்கு இறங்கிப் பார்க்க வேண்டும்.

கட்டட வேலையில் இன்னும் வெளிப்படை. அங்கே பெண்ணுக்குப் பெயரே சித்தாள். சிறிய ஆள். ஆண் பையன் பதினெட்டு வயதில் கையாளாக வந்து, கரண்டி பிடிக்கப் பழகி, முப்பதில் கொத்தனார் ஆகிவிடுவான். அவன் வந்த அன்று கலவை சுமந்துகொண்டிருந்த பெண், அவன் மேஸ்திரியாகிப் பைக்கில் வந்து இறங்கும் அன்றும் கலவைதான் சுமந்துகொண்டிருப்பாள். அறுபது வயதிலும் அவள் சித்தாள்தான். பெரியாள் ஆவதற்கு அந்தத் தொழிலில் அவளுக்கு ஏணி போடவில்லை.

பஞ்ச காலத்தில்கூட இந்தக் கணக்கை நாம் விட்டுக்கொடுத்ததில்லை. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் நிவாரண வேலைக்குப் போனார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அப்படி வெட்டப்பட்டதுதான். செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நாளெல்லாம் உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று வகுத்தார். பெண்ணுக்கும் வேலை செய்யும் குழந்தைக்கும் அதிலும் கொஞ்சம் குறைவு. இந்த அளவில் உழைத்தால் மனிதன் பிழைக்க மாட்டான் என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். சாவதற்குப் போதுமான கூலியிலும் ஆணுக்கு ஒரு அளவு, பெண்ணுக்கு ஒரு அளவு. அந்தக் கால்வாயைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குறைந்த ‘கொஞ்சம்’ எவ்வளவு பிடி தானியம் இருந்திருக்கும் என்ற யோசனை வரும்.

நூறு நாள் சட்டத்துக்கு நேர் மூதாதை மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. 1972இன் வறட்சியை ஒட்டி அங்கே வேலை உறுதித் திட்டம் வேர் பிடித்தது, 1977இல் சட்டமானது. சாங்லி மாவட்டத்துக்காரரான வி. ஸ. பாகே அதன் பின்னால் இருந்தவர். அதற்குப் பணம் வந்த வழிகளில் ஒன்று, நகரத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் கட்டிய தொழில்வரி. மும்பை அலுவலகக்காரர் தெரிந்தோ தெரியாமலோ மராட்வாடாவில் கல் உடைக்கும் பெண்ணுக்குக் கூலி கொடுத்தார். கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவே முகம் தெரியாத ஒரு ஏற்பாடு இருப்பதில் பெரிய நன்மை உண்டு. வாங்குகிறவர் கும்பிட வேண்டியதில்லை.

*

கும்பிடு என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வயலில் முப்பது வருஷம் நடவு நட்டவர். காலனிக்காரர். என் பாட்டி வயது. அவரை நான் பெயர் சொல்லி, ஒருமையில் கூப்பிட்டுத்தான் வளர்ந்தேன். எட்டு வயதில் “ஏய், அம்மா கூப்டுது” என்று அவரிடம் சொன்ன குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. பெயர் என்று நான் நினைத்திருந்தது பாதிப் பெயர்தான் என்பதே ஏரிக்கரையில்தான் தெரிந்தது. வேலை அட்டையில் அவருடைய முழுப் பெயரும், அப்பா பெயரும், படமும் இருந்தன. பணித்தளப் பொறுப்பாளராக இருந்த பெண் பிளஸ் டூ படித்த அதே காலனிப் பெண். வருகைப் பதிவேட்டைப் பார்த்து அந்த முழுப் பெயரை உரக்கப் படித்தாள். அவர் “இருக்கேன்மா” என்றார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, அது அவருடையது.

என் அப்பா ஏரி வேலையை வெறுத்தார். ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறிவிட்டது, அரசாங்கம் சனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டது, மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுக் காசு வாங்குகிறார்கள். நாற்பது ரூபாய் நடவுக் கூலி இரண்டே வருஷத்தில் எண்பதானது உண்மை. மூன்று ஏக்கர்க்காரனுக்கு அது வலிக்கும் என்பதும் உண்மை. நெல்லுக்கு விலை ஏறவில்லை, ஏறிய கூலியை அவர் எங்கிருந்து எடுப்பார்? அந்தக் கோபத்தை அவர் காட்டியிருக்க வேண்டிய இடம் வேறு. கைக்கு எட்டிய இடத்தில் காட்டினார்.

சோம்பேறிப் பேச்சில் உண்மை துளிகூட இல்லை என்று நான் மழுப்பப்போவதில்லை. வெட்டிய குட்டையையே மறுபடி வெட்டியதைப் பார்த்திருக்கிறேன். வராதவர் பெயரில் வருகை விழுந்ததும் தெரியும். பதினோரு மணிக்கே சட்டி கவிழ்ந்து கிடந்த நாட்களும் உண்டு. ஒருநாள் அந்தப் பாட்டியிடமே கேட்டேன், இப்படி எல்லோரும் சொல்கிறார்களே என்று.

“உக்காருவோம் தம்பி. இல்லன்னு சொல்லல. ஒங்க கழனியில ஒருநாளு உக்கார வுட்டீங்களா?”

முன்பு அவர் என்னைச் ‘சின்னவரே’ என்பார். ‘தம்பி’ எப்போது வந்தது என்று கவனிக்கத் தவறிவிட்டேன். அதற்கு ஏரி வேலைதான் காரணம் என்று சொல்லமாட்டேன். அவருடைய பேரன் திண்டிவனத்தில் கல்லூரி முடித்ததும் காரணமாக இருக்கும். ஆனால் மாறியது அந்த வருஷங்களில்தான்.

வேலைத்தளத்தில் நிழல் வேண்டும், குடிநீர் வேண்டும், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. நிழலில் உட்கார்வது குற்றமாகத் தெரிவது யார் உட்கார்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. டீக்கடை பெஞ்சில் காலை ஏழரைக்கு உட்கார்ந்து பத்துமணிக்கு எழும் ஆண்களை எங்கள் ஊரில் யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. அவர்கள் அரசியல் பேசுகிறார்கள்.

திருப்பூர் பக்கக் கிராமங்களில் பல ஆண்டு ஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல்லும் கீர்ட் டி நெவும் இந்தத் திட்டத்தால் தலித் குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் நேர்ந்த முக்கிய மாற்றமாகச் சொல்வது, நிலக்காரரை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய நிலை தளர்ந்தது என்பதைத்தான். கூலியைவிட அது பெரிது. ‘இன்னிக்கு வரமுடியாதுங்க’ என்று சொல்ல முடிகிற வசதி. ஏரியில் வேலை இருக்கிறது என்ற சாக்கு கையில் இருந்தால் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடலாம், உண்மையில் அன்று ஏரிக்குப் போகாவிட்டாலும். என் அப்பாவைக் கோபப்படுத்தியது கூலி பாதி, அந்த வாக்கியம் பாதி என்று இப்போது நினைக்கிறேன்.

சாதி ஏரிக்குள் கரைந்துவிட்டது என்று யாரும் அவசரப்பட வேண்டாம். எங்கள் ஏரிக்கரையில் இரண்டு புங்கமரங்கள். காலனிப் பெண்கள் வடக்கு மரத்தடியில் சாப்பிட்டார்கள், ஊர்த்தெருப் பெண்கள் தெற்கு மரத்தடியில். தண்ணீர்க் குடமும் இரண்டு. ஒரே பதிவேடு, ஒரே கூலி, ஒரே மண். நிழல் மட்டும் வேறு. சில வருஷம் கழித்து வடக்கு மரம் புயலில் சாய்ந்தது. அதன் பிறகு காலனிப் பெண்கள் வெயிலில் சாப்பிட்டதை நான் பார்த்தேன். இன்று எப்படியோ, நான் ஊரை விட்டு வந்து நாளாகிவிட்டது.

*

சட்டத்தில் ஓட்டைகள் முதல் நாளிலிருந்தே இருந்தன. நூறு நாள் என்பது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. அட்டை குடும்ப அட்டை. மாமியார் அறுபது நாள் போனால் மருமகளுக்கு நாற்பது. புருஷன் விட்டுப் போனவள், விதவை, தனித்து வாழ்பவள் தனிக் குடும்பமாகத் தன் பெயரில் அட்டை கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு முன், தான் தனி என்பதை ஊர் முன்னால் நிரூபிக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அத்தை இருந்தார். புருஷன் பெங்களூருக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம். அவர் பெயரை நீக்கித் தனக்கு அட்டை கேட்க அத்தைக்கு மனம் வரவில்லை. நீக்கினால் அவர் வரவே மாட்டார் என்று எழுதிக் கொடுத்ததுபோல ஆகிவிடுமாம். வராத மனிதர் பெயரைத் தலைப்பில் வைத்துக்கொண்டே கடைசிவரை மண் சுமந்தார்.

வேலை கேட்டுப் பதினைந்து நாளில் தராவிட்டால் வேலையில்லாக் காலப் படி தர வேண்டும்: முதல் முப்பது நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதன் பிறகு பாதிக்குக் குறையாமல். இந்த ஒரு விதிதான் இதைத் திட்டம் என்பதிலிருந்து உரிமை என்பதற்கு உயர்த்துகிறது. எங்கள் ஊரில் அந்தப் படியை வாங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வேலை கேட்டதற்கு ரசீது தர வேண்டும் என்ற விதி அங்கே யாருக்கும் தெரியாது, தெரிந்தவர்களும் தரவில்லை.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் தளத்துக்கு வந்தால், பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள நியமித்து அவருக்கும் அதே கூலி தர வேண்டும் என்றது 2005இன் சட்டம். ஒரு நாட்டின் சட்டம் பிள்ளை பார்ப்பதை மண் வெட்டுவதற்குச் சமமான கூலி வேலை என்று எழுதிய அபூர்வமான இடம் அது. 92 என்ற எண்ணுக்கு எதிரான ஒரே வரி. 2008இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் சுதா நாராயணன் எங்கள் விழுப்புரம் மாவட்டத்தை வைத்து இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். நடைமுறையில் நான் பார்த்தது மரக்கிளையில் கட்டிய தூளிகள். பெரும்பாலும் அதுவும் இல்லை. கைக்குழந்தைக்காரிகள் வேலைக்கு வரவில்லை. ஏரியில் சட்டி சுமந்தவர்களில் பாதிக்கு மேல் நரைத்த தலைகளாக இருந்ததற்கு இது ஒரு காரணம். சின்ன வயதுப் பெண்ணுக்கு வேலை இல்லை என்று ஒத்துக்கொள்ள ஊர் தயாராக இல்லை, தூளி கட்டவும் தயாராக இல்லை.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்ல எரிச்சலாக இருப்பதால். 2023 ஜனவரி முதல் தினமும் இருவேளை செல்போன் செயலியில் கூட்டத்தைப் படமெடுத்து ஏற்ற வேண்டும் என்றானது. டவர் கிடைக்காத ஏரிப் பள்ளத்தில் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஒரு பெண் நிற்பதும், அவள் பின்னால் ஐம்பது பெண்கள் படத்துக்காகக் காத்திருப்பதும் புதிய காட்சி. பிற்பகல் படத்துக்காக வேலை முடிந்தும் நிற்க வேண்டும். 2024 ஜனவரி முதல் ஆதார் வழிப் பணம் கட்டாயமானது. மண்வெட்டி பிடித்துக் கைரேகை தேய்ந்தவருக்கு, அந்தப் பணத்தை எடுக்கப் பல இடங்களில் கைரேகைதான் சாவி. அந்த ஆண்டின் இறுதியிலிருந்து மாதக்கணக்கில் கூலியே வரவில்லை; 4,034 கோடி ரூபாய் பாக்கி என்று மாநிலத்தின் ஆளுங்கட்சியே 2025 மார்ச்சில் ஒன்றிய அரசை எதிர்த்து ஊர் ஊராகப் போராட்டம் நடத்தியது. பதினைந்து நாளில் கூலி, தாமதித்தால் இழப்பீடு என்கிறது சட்டம். அறிவித்த கூலி அந்த ஆண்டு 336 ரூபாய் ஆனது. அளவு எடுத்துக் கழித்த பிறகு அதுவும் முழுதாகக் கைக்கு வந்தால் ஆச்சரியம்.

இதற்கிடையில் பெண்கள் வேலைக்கு வருவது நாடு முழுக்கப் பெருகிவிட்டது என்று ஒரு கணக்கு வந்திருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்போரும் தேடுவோரும் 2017–18இல் 23.3 சதவீதம், 2023–24இல் 41.7. ஆறே ஆண்டில் இவ்வளவு ஏற்றம் என்றால் தெருவில் தெரிய வேண்டும். ஏறியதில் பெரும்பங்கு கிராமத்தில், சுயதொழில் என்ற தலைப்பின் கீழ். அந்தத் தலைப்புக்குள் எண் 21 இருக்கிறது: வீட்டுத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுகிறவர். கடையில் புருஷன் சாப்பிடப் போகும்போது கல்லாவில் உட்கார்கிறவள், சொந்த மாட்டைக் கறக்கிறவள். நேற்று 92ஆக இருந்தவளுக்கு இன்று 21 போட்டால் வேலையின்மை குறைந்துவிடும். அவளுடைய உழைப்பை உழைப்பென்று ஒத்துக்கொள்வது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் முந்தானை முடிச்சில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 42இல் ஏறியது.

*

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. காந்தியின் பெயர் போய்விட்டது. பெயர் போனதற்கே அதிகம் கூச்சல் எழுந்தது. நூறு நாள் 125 ஆகிறது. முன்பு கூலி முழுவதும் ஒன்றிய அரசின் பொறுப்பு. இனி தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் செலவில் 40 சதவீதத்தை ஏற்க வேண்டும். இவற்றைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதுவார்கள், எழுதட்டும். என் கண் நின்றது வேறொரு விதியில். விதைப்பும் அறுவடையும் மும்முரமாக நடக்கும் காலத்தில் ஆண்டுக்கு மொத்தம் அறுபது நாள் வரை இந்த வேலை நடக்காது. எந்த நாட்கள் என்று மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்கும். விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காக.

என் அப்பா ஏரிக்கரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்த வாக்கியம் இருபது வருஷத்தில் சட்டமாகிவிட்டது. அவர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். “இப்பவாச்சும் புத்தி வந்துச்சே” என்றிருப்பார். நான் அவரோடு வாதாடியிருப்பேனா என்று தெரியவில்லை; உயிரோடு இருந்தபோது வாதாடவில்லை.

அந்தப் பாட்டி சென்ற வருஷம் காலமானார். நான் போனேன். குடிசை இருந்த இடத்தில் அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடு. சுவரில் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அதில் ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், வேலை அட்டை. கட்டிலுக்கு அடியில் மண்சட்டி கவிழ்ந்திருந்தது.

எங்கள் ஊரில் உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. அறுவடைக்கு இயந்திரம் வருகிறது. ஆள் வேண்டியிருப்பது நடவுக்கும் களைக்கும் மட்டும்தான். அந்த இரண்டுக்கும் நாங்கள் இன்றும் பெண்களைத்தான் கூப்பிடுகிறோம்.